அக்காட லண்டன் ஃப்ளாட்டுக்கு வெள்ளவத்தையில இருந்து வலுவேசன் எடுத்த விதம்

முதல் ஒண்டைச் சொல்லிப்போட்டுத் தொடங்கிறன். எங்கட கொழும்பில வலுவேசன், அதாவது சொத்துக்கு விலை மதிக்கிறது, எண்டா எல்லாருக்கும் ஒரே ஆசைதான், விலை கூட விழோணும். பாங்கில லோன் எடுக்கிறதெண்டாலும் சரி, பிள்ளைக்கு விசா போடேக்க சொத்துக் காட்டுறதெண்டாலும் சரி, வலுவேசன் செய்ய வாற ஐயாவுக்குத் தேத்தண்ணியைக் குடுத்து, பக்கத்துக் காணி ஒரு பேர்ச் எவ்வளவுக்குப் போனது தெரியுமோ எண்டு காதில போட்டு வைக்கிறதுதான் எங்கட பழக்கம். இங்கிலாந்தில அரசாங்கம் தந்த வீட்டு லோனைத் திருப்பிக் கட்ட எடுக்கிற வலுவேசன் இதுக்கு அப்பிடியே தலைகீழ். விலை கூடினா நீங்கள் கட்டுற காசும் கூடும். இதை அக்காவுக்கு விளங்கப்படுத்தவே எனக்கு ரெண்டு ஞாயிற்றுக்கிழமை போச்சு.

அக்காவும் அத்தானும் 2017ல லண்டன் ஹேய்ஸ் பக்கம் ஒரு புது ஃப்ளாட் வாங்கினவை, ஹெல்ப் டு பை திட்டத்தில. அக்காவுக்கு இரவு வேலை, அத்தானுக்கு ஷிப்ட், கடதாசி எண்டா ரெண்டு பேருக்கும் அலர்ஜி. நான் பம்பலப்பிட்டியில கணக்கு வேலை செய்யிற ஆள், ஆகவே வழமைபோல எல்லாம் வட்ஸ்அப்பில என்ர தலையில வந்து விழுந்துது. இப்ப எங்கட ஒழுங்கையில லண்டனில சொந்தக்காரர் இருக்கிற எல்லாரும் என்னட்டக் கேக்கினம், அதால ஒரேயடியா எழுதிப்போடுறன்.

திட்டத்தைப் பற்றித் தெரியாத ஆக்களுக்குக் கொஞ்சம். இது இங்கிலாந்தில 2013ல தொடங்கினது, 2022 ஒக்டோபர் 31ஓட புது விண்ணப்பம் எடுக்கிறதை நிப்பாட்டிப்போட்டினம், ஆனா ஏற்கனவே எடுத்த ஆக்கள் இப்பவும் கட்டிக்கொண்டுதான் இருக்கினம். புதுசாக் கட்டின வீடா இருக்கோணும், வாங்கிற ஆள் குறைஞ்சது 5% கையால போடோணும் எண்டது விதி, அரசாங்கம் 20% வரைக்கும் தந்தது, லண்டனுக்குள்ள எண்டா 2016ல இருந்து 40% வரைக்கும், மிச்சம் மோர்ட்கேஜ், அதாவது வீட்டை ஈடு வைச்சு பாங்கில எடுக்கிற கடன். அக்காட கணக்கைச் சுத்தமான இலக்கத்தில சொல்லுறன், வீடு 400,000 பவுண்ஸ், இவை போட்டது 20,000, அரசாங்க லோன் 160,000, பாங்க் 220,000.

எல்லாரும் பிழையா விளங்கிக்கொள்ளுற இடம் இதுதான். எடுத்தது 160,000 எண்டா கட்டுறதும் 160,000 எண்டு அக்கா நினைச்சுக்கொண்டு இருந்தவா. இல்லை. கடன் காசுக் கணக்கில இல்லை, பங்குக் கணக்கில. வீட்டில 40% அரசாங்கம் தந்தது, ஆகவே நீங்கள் கட்டுற அண்டைக்கு வீடு என்ன விலை போகுமோ அதில 40%. வீடு 440,000 எண்டா 176,000 கட்டோணும், 380,000க்கு இறங்கிச்செண்டா 152,000 போதும். வலுவேசன் ரிப்போட்டில ஒரு 10,000 கூடினா உங்கட பொக்கெற்றில இருந்து 4,000 கூடப் போகுது. அதாலதான் இந்த ஒரு கடதாசிக்கு இவ்வளவு பாடு.

அப்ப ஏன் இப்ப கட்டுறது, கிடக்கட்டும் எண்டு விட்டா என்ன? முதல் அஞ்சு வருசம் வட்டி இல்லை, மாசம் 1 பவுண் மட்டும் நிர்வாகச் செலவு எண்டு எடுப்பினம். ஆறாவது வருசத்தில 1.75% தொடங்கும், அக்காவுக்கு அது வருசத்துக்கு 2,800 பவுண்ஸ். பிறகு ஒவ்வொரு வருசமும் அந்த வீதமே கூடும், 2021க்கு முந்தி எடுத்த ஆக்களுக்கு பணவீக்கத்தோட இன்னும் 1% சேத்து. உதாரணத்துக்கு பணவீக்கம் 5% எண்டா 1.75ஐ 6%ஆல கூட்டோணும், 1.855 வரும், வருசத்துக்கு 2,968 பவுண்ஸ். பாக்க சின்னனாத்தான் தெரியும், ஆனா இவ்வளவு கட்டியும் எடுத்த கடனில ஒரு சதம் குறையாது, எல்லாம் வட்டிக்கே போகும். அத்தான் இதைக் கேட்டிட்டு கொஞ்ச நேரம் ஃபோனில சத்தமே இல்லை.

சரி, வேலைக்கு வருவம். வலுவேசனை எல்லாராலயும் செய்ய ஏலாது. ஆர்ஐசிஎஸ் எண்ட அமைப்பில பதிஞ்ச சேர்வேயர்தான் செய்யோணும், அவர் உங்களுக்குச் சொந்தமோ தெரிஞ்சவரோ இருக்கக் கூடாது, வீடு விக்கிற ஏஜென்ட்டின்ட ஆளாவும் இருக்கக் கூடாது. ஏஜென்ட் ஓசியாத் தாற விலைக்கடிதம், இன்டர்நெற்றில பட்டனை அமத்தினா வாற விலை, பாங்க் தன்ர மோர்ட்கேஜுக்கு எடுத்த வலுவேசன், மூண்டும் இதுக்குச் செல்லாது. எங்கட அம்மா சேர்வேயர் வாறார் எண்டவுடன சங்கிலியோட வந்து பிளான் கீறுவார் எண்டு நினைச்சு, ஃப்ளாட்டில என்ன காணி அளக்கப் போகினம் எண்டு கேட்டவா. இங்க நாங்கள் சேர்வேயர் எண்டு சொல்லுறது நில அளவைக்காரரை, அங்க வீட்டைப் பாத்து விலை போடுறவரையும் அப்பிடித்தான் சொல்லுவினம், குழம்ப வேண்டாம்.

ஆளைப் பிடிக்கேக்க ஒரே கேள்வியில தெளிவாக் கேளுங்கோ, ஹெல்ப் டு பை லோன் கட்டுறதுக்கான வலுவேசன் செய்வீங்களோ, அந்தத் திட்டத்தின்ட விதிமுறைப்படி ரிப்போட் தருவீங்களோ எண்டு. வெறும் வலுவேசன் வேணும் எண்டு கேட்டா அவையள் தங்கட வழமையான ரிப்போட்டைத் தந்திடுவினம். சில நூறு பவுண்ஸ் போகும், மூண்டு இடத்தில விலை கேட்டுப் பாருங்கோ, ஆனா மலிவு எண்டதுக்காக மட்டும் பிடிச்சா நாங்கள் பட்ட பாட்டைத்தான் படுவீங்கள். இங்க இருந்து ஃபோன் பண்ணுறதெண்டா நேரத்தையும் பாருங்கோ, வெயில் காலத்தில நாங்கள் அவையளுக்கு நாலரை மணித்தியாலம் முன்னுக்கு, குளிர் காலத்தில அஞ்சரை, அதால மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தாத்தான் அங்க கந்தோர் திறந்திருக்கும். இன்னொண்டு, ஹோம்ஸ் இங்கிலாண்ட் எண்டுறதுதான் இந்த லோன் தந்த அரசாங்க நிறுவனம், அதுக்காக கணக்குப் பாக்கிற ஆக்கள் என்னோட ஒரு சொல்லும் கதைக்க மாட்டினம் எண்டிட்டினம், லோன் எடுத்த ரெண்டு பேரும் எழுத்தில அனுமதி குடுத்த பிறகுதான் வாய் திறந்தவை. ஆகவே தம்பியோ தங்கச்சியோ பாக்கிறதெண்டா முதல் அந்தக் கடிதத்தை அனுப்பிப்போட்டுத் தொடங்குங்கோ.

சேர்வேயர் கட்டாயம் வீட்டுக்குள்ள வந்து பாக்கோணும், வெளியில நிண்டு படம் எடுத்திட்டுப் போற வேலை இதுக்குச் சரிவராது. அவர் வந்த அண்டைக்கு நான் வட்ஸ்அப் வீடியோவில. அக்கா விடியவே எழும்பி வீடு முழுக்க மினுக்கி, கதவில மாவிலைத் தோரணத்தைக்கூடத் துடைச்சு வைச்சு, வடையும் சுட்டு வைச்சிருக்கிறா. அந்த மனுசன் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வந்து, கையில இருக்கிற லேசர் பெட்டியால சுவருக்குச் சுவர் சிவப்புப் புள்ளி அடிச்சு அளந்து கொண்டு போறார், அக்கா பின்னால போய் அலுமாரியைத் திறந்து காட்டி, குசினி போன வருசம்தான் மாத்தினது, நல்ல விலை போடுங்கோ எண்டு இங்கிலீசில சொல்லுறா. நான் இஞ்ச இருந்து அக்கா, அக்கா எண்டு கத்துறன், அவா ஃபோனைக் கவுட்டு வைச்சிட்டா. 25 நிமிசத்தில அவர் ஒரு வடையோட போயிட்டார்.

பொய் சொல்லச் சொல்லேல்ல. விலையைக் குறைச்சுப் போடச் சொல்லியும் கேக்காதேங்கோ, அவர் செய்யவும் மாட்டார், அவர்ட தொழில் பதிவுக்கே ஆபத்து. ஆனா உண்மையான குறையை மறைக்கத் தேவையில்லை. குளிக்கிற அறையில ஈரம் பிடிச்சிருந்தா அதை பெயின்ட் அடிச்சு மூடாதேங்கோ, கட்டடப் பராமரிப்புக்குக் கட்டுற சர்வீஸ் சார்ஜ் வருசத்துக்கு எவ்வளவு, லீஸ் எண்ட குத்தகைக் காலம் இன்னும் எத்தினை வருசம், கட்டடத்தில கிளாடிங், அதாவது வெளிச்சுவரில போர்த்தின தகடுகளில, பிரச்சினை இருக்கோ, இதெல்லாத்தையும் ஒரு தாளில எழுதிக் கையில குடுங்கோ. 2017ல லண்டனில கிரென்ஃபெல் மாடிக்கட்டடம் எரிஞ்ச பிறகு உயரமான கட்டடங்களுக்கு இந்த வெளிச்சுவர்ப் பிரச்சினை விலையில பெரிசா இடிக்கும், இருக்கிறதெண்டா பேப்பரோட காட்டுங்கோ. சுவர் இடிச்சு, அறை கூட்டிக் கட்டி எண்டு ஏதும் செய்திருந்தா அதுக்கு முன்கூட்டியே ஹோம்ஸ் இங்கிலாண்டிட்ட அனுமதி எடுத்திருக்கோணும், எடுக்காட்டி வலுவேசனுக்கு முந்தி அதைப் பற்றி அவையளோட கதைச்சு முடிக்கிறதுதான் புத்தி.

இன்னும் பெரிய விசயம் ஒப்பீட்டு வீடுகள். ரிப்போட்டில குறைஞ்சது மூண்டு வீடு காட்டோணும், உங்கட வீட்டைப் போல அதே வகை, அதே அளவு, அதே வயசு, ரெண்டு மைலுக்குள்ள, அதுவும் வித்து முடிஞ்ச விலை, கேக்கிற விலை இல்லை. இதில ஒரு நுணுக்கம் இருக்கு. அக்காட கட்டடத்துக்குப் பக்கத்தில கம்பெனி இன்னும் புது புளொக் கட்டி வித்துக்கொண்டு இருக்கு, புது ஃப்ளாட்டுக்கு எப்பவும் ஒரு புதுவிலை இருக்கும், ஷோரூம் கார் மாதிரி, வெளியில எடுத்தவுடன இறங்கும். அந்த விலையை உங்கட ஏழு வருசப் பழைய ஃப்ளாட்டுக்குப் பக்கத்தில வைச்சா உங்களுக்கு அடிதான். லேண்ட் ரெஜிஸ்ட்ரி எண்ட அங்கத்த காணிப் பதிவகத்தின்ட இணையத்தில எந்த வீடு எவ்வளவுக்கு வித்தது எண்டு ஓசியாப் பாக்கலாம், நான் ஒரு இரவு முழுக்க இருந்து அதே ரோட்டில ரெண்டாந்தரம் கைமாறின நாலு ஃப்ளாட்டை எடுத்து, தேதியும் விலையும் போட்டு, வாறதுக்கு முந்தின நாளே சேர்வேயருக்கு ஈமெயில் பண்ணினன். அவர் அதில ரெண்டை எடுத்தவர். ரிப்போட் 415,000 எண்டு வந்துது, 40% எண்டா 166,000. எக்செலில ஒரு இரவு இருந்தது வீண்போகேல்ல.

ரிப்போட் வந்தவுடன சந்தோசப்பட்டு அனுப்பிப்போடாதேங்கோ, நாங்கள் அப்பிடித்தான் அனுப்பி வாங்கிக் கட்டினது. முதல் ரிப்போட்டில அக்காட பேருக்கு எழுதியிருந்தினம், அது ஹோம்ஸ் இங்கிலாண்டுக்கு எண்டு எழுதியிருக்கோணும். மூண்டாவது ஒப்பீட்டு வீட்டுக்கு விளம்பரத்தில இருந்த கேக்கிற விலையைப் போட்டு வைச்சிருந்தினம். திருப்பி அனுப்பிப்போட்டினம். அந்த சேர்வேயர் கந்தோரில இருந்து திருத்தின தாள் வர மூண்டு கிழமை. ஆகவே அனுப்ப முந்தி ஒருக்கா இருந்து பாருங்கோ, கம்பெனி லெட்டர்ஹெட்டில இருக்கோ, யாருக்கு எழுதியிருக்கு, கையெழுத்து இருக்கோ, வீட்டு விலாசம் சரியோ, உள்ளுக்க வந்து பாத்த தேதி இருக்கோ, மூண்டு வித்த விலை இருக்கோ, கடைசியா விலை ஒரே ஒரு இலக்கமா இருக்கோ, 410இல இருந்து 420 வரை எண்டு இழுத்து எழுதினா எடுக்க மாட்டினம்.

ரிப்போட்டுக்கு ஆயுள் மூண்டு மாசம்தான். நீளமான காலம் மாதிரித் தெரியும், ஆனா ரிப்போட்டோட விண்ணப்பப் படிவமும் 200 பவுண்ஸ் ஃபீயும் போய், அவையள் பாத்து, சொலிசிட்டர் எண்ட சட்டத்தரணிக்கு அனுமதிக் கடிதம் வந்து, ரீமோர்ட்கேஜ், அதாவது பழைய மோர்ட்கேஜை மாத்திப் புதுசா எடுக்கிறது, எண்டா பாங்கும் தன்ர பாட்டில இழுத்து, எல்லாம் முடிய அந்த மூண்டு மாசமும் கரைஞ்சிடும். எங்களுக்கு ஒன்பது நாள் பிந்திப்போச்சு. அதே சேர்வேயரிட்டத் திரும்பப் போய், விலை மாறேல்ல எண்டு ஒரு நீடிப்புக் கடிதம் வாங்கினனாங்கள், அதுக்கும் காசு. அதால சேர்வேயரைக் கூப்பிட முந்தியே சொலிசிட்டரைப் பிடிச்சு, ரீமோர்ட்கேஜ் எண்டா பாங்கிட்ட ஓம் வாங்கி, பிறகு வலுவேசனைப் போடுங்கோ. நாங்கள் மறுவளமாச் செய்தனாங்கள்.

பாங்க் வலுவேசன் வேற விலை காட்டினா பதற வேண்டாம். ரீமோர்ட்கேஜுக்கு பாங்க் தன்ர ஆளை வைச்சு 430,000 எண்டு போட்டுது, அத்தான் ஐயோ இனி அதுக்குத்தான் கட்டோணுமோ எண்டு பயந்திட்டார். இல்லை, லோன் கட்டுறதுக்கு ஆர்ஐசிஎஸ் ரிப்போட்தான் கணக்கு, பாங்கின்ட விலை கூடினது உங்களுக்கு நல்லம்தான். வீட்டை விக்கிறதெண்டா மட்டும் கதை வேற, வித்த விலையும் வலுவேசனும் ரெண்டில எது கூடவோ அதிலதான் பங்கு எடுப்பினம். முழுக்கக் கட்ட ஏலாட்டி பகுதியாவும் கட்டலாம், ஆனா சீட்டுக்காசு மாதிரி மாசம் மாசம் கொஞ்சம் கட்ட விட மாட்டினம், வீட்டு விலையில ஒரு குறைந்தபட்சப் பங்கு எண்டு கணக்கு இருக்கு, அதுக்கும் இதே மாதிரி வலுவேசன் வேணும்.

அப்பா யாழ்ப்பாணத்துக் காணி வித்த காசில கொஞ்சம் அனுப்புறன் எண்டு நிண்டவர். இலங்கையில இருந்து வெளியில காசு அனுப்ப அந்நியச் செலாவணிச் சட்டம் இருக்கு, நினைச்சவுடன அனுப்ப ஏலாது, முதல் உங்கட பாங்கில போய்க் கேளுங்கோ. அங்க சொலிசிட்டரும் காசு எங்கால வந்தது எண்டு கேப்பார், உறுதி, விற்பனைக் கடதாசி, பாங்க் ஸ்டேட்மென்ட், தமிழில இருந்தா இங்கிலீஸ் மொழிபெயர்ப்போட. பாங்க் இல்லாமக் கள்ளமாக் காசு அனுப்புற உண்டியல் நினைப்பே வேண்டாம். கடைசியில நாங்கள் முழுக்க ரீமோர்ட்கேஜில எடுத்துத்தான் கட்டினது, அப்பாவுக்கு அதில கொஞ்சம் கோவம்.

காசு சொலிசிட்டர் மூலமாப் போன பிறகும் ஒரு வேலை மிச்சம். லேண்ட் ரெஜிஸ்ட்ரியில வீட்டின்ட பேரில ரெண்டாவது ஈடா ஹோம்ஸ் இங்கிலாண்டின்ட லோன் பதிஞ்சிருக்கும், அதை எடுத்துவிட வேணும். சொலிசிட்டர் செய்வார், ஆனா செய்தாரோ எண்டு நீங்களே சில பவுண்ஸ் கட்டி ரெஜிஸ்டர் கொப்பியை எடுத்துப் பாருங்கோ. மாசாமாசம் வட்டிக்குப் போற டைரக்ட் டெபிட்டையும் நிண்டிட்டுதோ எண்டு பாருங்கோ.

அக்கா அந்தக் கொப்பியை அனுப்பினவா. அம்மா கண்ணாடியைப் போட்டு ஃபோனைப் பெரிசாக்கிப் பாத்திட்டு, இது சரி, உறுதி எப்ப தபாலில வரும் எண்டு கேட்டவா. அங்க உறுதி எண்டு கடதாசி இல்லை அம்மா, எல்லாம் கொம்பியூட்டரில எண்டு சொன்னா நம்ப மாட்டன் எண்டு நிண்டிட்டா. காலி வீதிக் கடையில பிரின்ட் எடுத்து லேமினேட் பண்ணிக் குடுத்தன், இப்ப அது எங்கட அலுமாரியில நகைப்பெட்டிக்குக் கீழ கிடக்கு.