வேலை போகிற அன்று போடும் கையெழுத்து

போன வாரம் சேலத்துக்குப் பக்கத்து மில் ஒன்றில் வேலை பார்த்த தம்பி யூனியன் ஆபீசுக்கு வந்தான். பதினோரு வருஷ சர்வீஸ், மாதம் 16,000 சம்பளம். "ஆர்டர் இல்லைன்னு நிறுத்திட்டாங்கண்ணா. ஆனா ரெண்டே நாள்ல கணக்கு முடிச்சுக் குடுத்துட்டாங்க, புதுச் சட்டமாமே" என்றான். பையிலிருந்த காகிதத்தை வாங்கிப் படித்தேன். "சொந்தக் காரணங்களுக்காக ராஜினாமா செய்கிறேன்" என்று டைப் அடித்திருந்தது. கீழே அவன் கையெழுத்து. எனக்கு வயிறு எரிந்தது. 2004-ல் நான் போட்ட அதே கையெழுத்து. நம் ஆட்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ராஜினாமா என்று எழுதிக் கொடுப்பது

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 29 பழைய மத்தியச் சட்டங்கள் அவற்றுக்குள் அடங்கிவிட்டன. ஊதியத் தொகுப்பின்படி ஒருவர் வேலையிலிருந்து போனால் இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பளப் பாக்கியைக் கொடுத்துவிட வேண்டும். ரொம்ப நல்ல மாற்றம். ஆனால் "ராஜினாமா எழுதிக் கொடு, ரெண்டு நாள்ல பணம்" என்று இதையே தூண்டிலாகப் போடுகிறார்கள். அப்படி ஒரு நிபந்தனை சட்டத்தில் கிடையாது. அவர்களாக நீக்கினாலும், ஆட்குறைப்பு செய்தாலும் அதே இரண்டு நாள்தான்.

அந்தத் தம்பி இழந்ததைக் கணக்குப் பாருங்கள். ஆட்குறைப்பு என்றால் வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் நஷ்ட ஈடு. பதினோரு வருஷத்துக்குத் தோராயமாக 88,000. ஒரு மாத நோட்டீஸ், அல்லது அதற்குப் பதில் 16,000. ஆட்குறைப்பு ஆனவர் வேறு வேலை கற்றுக்கொள்ள நிர்வாகம் பணம் கட்டும் மறுதிறன் நிதியிலிருந்து இன்னொரு 15 நாள் சம்பளம், 8,000. ஒரு லட்சத்துக்கு மேல் போயிற்று. கிராஜுவிட்டி, அதாவது சர்வீசுக்கான பணிக்கொடை, ராஜினாமா செய்தாலும் உண்டு, அது அவனுக்கு வந்துவிட்டது. அதனால்தான் மொத்தமும் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தான்.

என் கதையும் இதேதான். தங்கச்சி கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தது. டைம் ஆபீசில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய தாளை நீட்டினார்கள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல், ஸ்டாம்ப் மேல் குறுக்கே கையெழுத்துப் போட்டேன். அப்புறம் தொழிலாளர் அலுவலகத்தில் சமரச அதிகாரி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "இது உங்க கையெழுத்துதானே?" ஆமாம் என்பதைத் தவிர என்ன சொல்ல முடியும்?

நிறுத்துகிறார்கள் என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அன்றைக்கே, "வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை, வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்" என்று எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பணத்துக்குக் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டுமா? பெற்ற தொகை, தேதி, "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன்" என்ற மூன்றையும் உங்கள் கையால் எழுதிவிட்டுப் போடுங்கள். செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மிரட்டி வாங்கிவிட்டார்களா? மறுநாளே மறுத்துக் கடிதம் போக வேண்டும். ஒரு மாதம் கழித்து "மிரட்டினாங்க" என்றால், இத்தனை நாள் என்ன செய்தாய் என்றுதான் கேட்பார்கள்.

வேலைக்குச் சேரும்போது வெற்றுத் தாளில் கையெழுத்து

போடவே போடாதீர்கள்.

"ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி"

வாட்ஸ்அப்பில் இது பாதி உண்மையாகச் சுற்றுகிறது. ஒரு வருஷம் என்பது நிர்வாகத்தோடு நேரடியாக எழுத்து ஒப்பந்தம் போட்ட, குறிப்பிட்ட காலத்துக்கான பணியாளருக்கு. நிரந்தரத் தொழிலாளிக்கு இன்னமும் ஐந்து வருஷம்தான். இதை நம்பி மூன்றாம் வருஷம் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

எழுத்தில் எதுவும் இல்லை என்று சும்மா இருப்பது

வேலை நியமனக் கடிதம் இப்போது கட்டாயம், கேட்டு வாங்குங்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் உருப்படிக் கணக்கில் வேலை செய்பவர்கள் ஒரு நாற்பது பக்க நோட்டாவது போடுங்கள்: தேதி, எடை, வாங்கிய கூலி. குறைந்தபட்சக் கூலி இப்போது எல்லா வேலைக்கும் உண்டு. கூலிப் பாக்கி கேட்க மூன்று வருஷம் வரை நேரமும் இருக்கிறது. கையில் நோட்டு இருந்தால்தான் மனுவில் தொகை எழுத முடியும்.

"மூணு வருஷம் இருக்குல்ல"

கூலிப் பாக்கிக்கு நேரம் கூடியது, வேலை நீக்கத்துக்குக் குறைந்தது. நீக்கப்பட்டவர் வழக்குக்குப் போக முன்பு மூன்று வருஷம் இருந்தது, புதிய தொகுப்பில் இரண்டே வருஷம். சமரசப் பேச்சு இழுத்துக்கொண்டு போகும்போது நாள் கடந்துவிடும். நீக்கிய தேதியை மனுவின் மூலையில் பெரிதாக எழுதி வையுங்கள்.

அந்தத் தம்பி கையெழுத்துப் போட்டு ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. ஆர்டர் இல்லை என்று நிறுத்தியது, கையெழுத்து வாங்கிய விதம் எல்லாவற்றையும் அவன் சொல்லச் சொல்ல ஆட்சேபக் கடிதம் எழுதினோம். தபால் ரசீதை ஆதார் அட்டைக்குப் பின்னால் மடித்து வைத்துக்கொண்டான். திங்கட்கிழமை சமரச அலுவலரிடம் மனுவோடு போகிறோம்.