அறையைக் காலி செய்யும்போது வரும் இன்னொரு பில்

ரோமில் நான்கு இரவு தங்கிவிட்டுக் கிளம்பும் காலை. டாக்சி வாசலில் நிற்கிறது. வரவேற்பில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு, "நகர வரி 72 யூரோ" என்றார். அறைக்கு முழுப் பணமும் முன்பே கட்டியாயிற்றே என்று என் கணவர் வாதாட, மாமியார் என் காதருகே வந்து "ஏமாத்துறாங்களா?" என்று கேட்டார்.

ஏமாற்றவில்லை. அது ரோம் மாநகராட்சியின் வரி. மூன்று நட்சத்திர ஓட்டலில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 யூரோ. பெரியவர்கள் மூன்று பேர், நான்கு இரவு. பத்து வயது நிரம்பாத என் மகளுக்கு மட்டும் விலக்கு. பதிவு செய்தபோது வந்த மின்னஞ்சலின் அடியில் பொடி எழுத்தில் எல்லாம் இருந்தது. படிக்காதது என் தப்பு. பொடி எழுத்தில் போட்டது யார் தப்போ!

அன்றிலிருந்து பணம் கட்டும் முன் 'விலையில் சேராதவை' என்ற பகுதியைத் தேடிப் படிக்கிறேன். தொகையைவிட, அதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதுதான் முக்கியம். ரோமில் ஆள் கணக்கு. நட்சத்திரம் கூடினால் வரியும் கூடும். மலேசியாவில் வெளிநாட்டினருக்கு அறைக் கணக்கு, இரவுக்கு 10 ரிங்கிட். அங்கே இரண்டு சின்ன அறைகளுக்குப் பதில் ஒரு பெரிய அறை எடுத்தால் வரி பாதியாகிவிடும். ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் அறை வாடகையில் 12.5 சதவீதம். ஆடம்பர அறை எடுத்தால் வரியும் ஆடம்பரம்தான்.

அப்புறம், ஓட்டலுக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: "நாங்கள் இத்தனை பேர், இத்தனை இரவு. அங்கே வந்து கட்ட வேண்டியது மொத்தம் எவ்வளவு? ரொக்கமா, கார்டா?" பதிலைப் பத்திரமாக வையுங்கள். வரியில் பேரம் பேச முடியாது. ஆனால் ஓட்டல்காரர்களே போடும் 'ரிசார்ட் கட்டணம்' வேறு கதை. நீங்கள் எட்டிப் பார்க்கப் போகாத நீச்சல் குளத்துக்கும் சேர்த்துத்தான் அது. அமெரிக்காவில் 2025 மே முதல், இப்படிப்பட்ட கட்டாயக் கட்டணத்தை விளம்பர விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும் என்று விதி. மற்ற இடங்களில் அந்த மின்னஞ்சல்தான் உங்கள் சாட்சி. ஒருமுறை வரவேற்பு மேசையில் அதைக் காட்டியதும் கூடுதல் தொகையைச் சத்தமில்லாமல் பில்லிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

சில ஊர்களில் நுழைவதற்கே காசு. பாலியில் 2024 பிப்ரவரி முதல் வெளிநாட்டுப் பயணி ஒவ்வொருவருக்கும் 1,50,000 ரூபாய், இந்தோனேசிய ரூபாய்தான், பயப்படாதீர்கள். வெனிஸில் குறிப்பிட்ட நாட்களில் பகல் மட்டும் சுற்றிவிட்டுத் திரும்புகிறவர்களுக்குக் கட்டணம் உண்டு. 2025-இல் முன்கூட்டியே கட்டினால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. இரவு தங்குகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் விலக்குச் சீட்டைப் பதிவு செய்து வாங்க வேண்டும். இதையெல்லாம் அரசின் தளத்தில் மட்டும் கட்டுங்கள். தேடினால் முதலில் வந்து நிற்கும் இடைத்தரகர் தளங்கள் அதே சீட்டுக்குத் தங்கள் கூலியையும் சேர்த்துவிடும். நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன்.

சாப்பாட்டு பில்லில் 'கோபெர்தோ' என்று இருந்தால், இத்தாலியில் மேசைக்காக ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குவது அது. உட்காரும் முன் மெனுவின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள்.

கடைசியாக, கார்டு மெஷின். "உங்கள் நாட்டுப் பணத்திலா, உள்ளூர் பணத்திலா?" என்று கேட்கும். நம் பணத்தில் தொகையைப் பார்த்ததும் மனசு நிம்மதியாகும். கை அங்கேதான் போகும். அதை அழுத்தினால் பணமாற்று விகிதத்தில் மெஷின்காரர்கள் வைத்ததே சட்டம். உள்ளூர் பணத்தையே அழுத்துங்கள். கடைக்காரரே உதவி செய்கிறேன் என்று அழுத்த வந்தால், மெஷினை உங்கள் பக்கம் திருப்பிக் கொள்ளுங்கள்.