"நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டால்: நீலகிரித் தொழிலாளர்கள் முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

வேலையை விட்டு நிறுத்துவது நம் மலையில் பெரும்பாலும் வாய்ப்பேச்சிலேயே முடிந்துவிடுகிறது. எஸ்டேட்டில் ஒரு காலை செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) பேர் எழுத மாட்டார்கள். ஊட்டி, கோத்தகிரி ரிசார்ட்டில் சீசன் முடிந்ததும் "சொல்லி அனுப்புறோம், அப்ப வாங்க" என்பார்கள். கடையில் சாவியை வாங்கிக்கொள்வார்கள். கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட வராது. பல மாதம் கழித்துப் புகார் கொடுத்தால், "நாங்கள் நீக்கவில்லை, அவராகவே நின்றுவிட்டார்" என்று பதில் வரும். அந்த ஒரு வரியை நிற்க விடாமல் செய்வதற்குத்தான் கீழே உள்ள படிகள்.

படி 1: கையெழுத்து

ராஜினாமாக் கடிதம், வெள்ளைத்தாள், "எல்லாப் பணமும் பெற்றுக்கொண்டேன், இனி எந்த உரிமையும் இல்லை" என்ற ரசீது: இந்த மூன்றிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். ராஜினாமா செய்தவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. நீக்கியது தவறு என்று வாதாடவும் வழி அடைபடும். பாக்கிச் சம்பளம் அவசரமாகத் தேவைப்பட்டு வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே "ரூ. ____ மட்டும், ஆட்சேபணையுடன் பெற்றேன்" என்று தேதியோடு எழுதுங்கள். ரசீதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: மறுநாளே ஒரு கடிதம்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். வக்கீல் தேவையில்லை, அரைப் பக்கம் போதும்:

"ஐயா, நான் உங்கள் தோட்டத்தில் 2016 ஜூன் முதல் இலை பறிக்கும் தொழிலாளியாக வேலை செய்கிறேன். இந்த மாதம் 12ஆம் தேதி காலை 7.30 மணிக்கு வேலைக்கு வந்தபோது, வேலை இல்லை என்று மேற்பார்வையாளர் திருப்பி அனுப்பினார். காரணம் எழுத்தில் தரவில்லை. நான் வேலையை விடவில்லை. வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். என்னை வேலையில் சேர்க்க வேண்டும், அல்லது காரணத்தை எழுத்தில் தர வேண்டும்."

தேதி, மணி, சொன்னவர் என்ன பொறுப்பில் இருப்பவர் என்ற மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். "வேலையை விடவில்லை" என்ற வரியை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்; பிறகு வழக்கு நிற்பது அதன் மேல்தான். ஆபீசில் நேரில் கொடுத்தால் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபால் இப்போது ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டதால், கவுண்டரில் ஸ்பீடு போஸ்ட் என்று கேட்டு, ஒப்புகை அட்டையும் வேண்டும் என்று சொல்லுங்கள். வாங்க மறுத்துத் திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் வையுங்கள். பிரிக்காத உறை நல்ல சாட்சி.

படி 3: வேலை பார்த்ததற்குச் சான்று

சம்பளச் சீட்டு, வங்கிப் பாஸ்புக், இஎஸ்ஐ அட்டை, அடையாள அட்டை, டியூட்டி போட்ட வாட்ஸாப் செய்தி என எதுவும் உதவும். பிஎஃப் பாஸ்புக்கில் மாதாமாதம் விழுந்த தொகைதான் மறுக்க முடியாத சான்று. அதை உடனே இறக்கி வையுங்கள்.

எண்ண வேண்டியது 240 நாள். நீக்கப்பட்ட தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அவ்வளவு நாள் வேலை செய்திருந்தால் ஓர் ஆண்டுத் தொடர் பணி ஆகிறது; படி 4இல் வரும் முன்னறிவிப்பும் இழப்பீடும் கேட்க அதுதான் அடிப்படை. சம்பளத்தோடு வந்த விடுமுறையும் பிரசவ விடுப்பும் கணக்கில் சேரும். "கேஷுவல்" என்று பெயர் வைத்திருப்பதால் இது மாறாது. குறிப்பிட்ட காலத்துக்கு என்று எழுதி ஒப்பந்தம் போட்டு, அந்தக் காலம் முடிந்திருந்தால் மட்டும் அது ஆட்குறைப்பு ஆகாது. சீசனுக்கு ரிசார்ட்டில் சேருகிறவர்கள் சேரும் அன்றே அந்தத் தாளைப் படித்துவிடுங்கள்.

படி 4: எவ்வளவு வர வேண்டும்

ஆள் அதிகம் என்று நிறுத்தினால், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ தர வேண்டும். ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் தர வேண்டும். பணிக்கொடை (கிராஜுவிட்டி) தனி. அதில் மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் வரும் மிச்சக் காலம் முழு ஆண்டாகும்.

அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000 ரூபாய், பணிக்காலம் 9 ஆண்டு 7 மாதம் என்று வைப்போம். 10 ஆண்டாக எடுக்க வேண்டும். முன்னறிவிப்புக்கு 13,000. இழப்பீடு ஆண்டுக்கு அரை மாதம், 6,500 வீதம் 65,000. பணிக்கொடை ஆண்டுக்கு 7,500 வீதம் 75,000. மொத்தம் 1,53,000 ரூபாய். இப்படிப்பட்டவருக்கு முப்பதாயிரத்தை நீட்டி "கணக்கு முடிந்தது" என்றால், எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பது தெரிய வேண்டும்.

பணிக்கொடைக்குப் பொதுவாக ஐந்து ஆண்டு வேண்டும். நாலு ஆண்டு முடிந்து ஐந்தாவதில் 240 நாள் வேலை செய்திருந்தாலும் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எழுத்தில் விண்ணப்பியுங்கள், 30 நாளுக்குள் தர வேண்டும். பாக்கிச் சம்பளத்தை நீக்கிய 2 வேலை நாளுக்குள் தர வேண்டும் என்பது புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு.

தவறு செய்தார் என்று நீக்குவது வேறு வழி. அதற்குக் குற்றச்சாட்டு எழுத்தில் வர வேண்டும், பதில் சொல்ல அவகாசம் வேண்டும், உள்விசாரணை நடக்க வேண்டும். சஸ்பெண்ட் செய்தால் முதல் 90 நாள் பாதிச் சம்பளம், பிறகு முக்கால். விசாரணைக்குப் போகாமல் வீட்டில் இருந்துவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. நீங்கள் இல்லாமலே முடித்துவிடுவார்கள். போங்கள், தமிழில் நடத்தச் சொல்லுங்கள், ஆவண நகல் கேளுங்கள், புரியாத தாளில் கையெழுத்து வேண்டாம்.

பிரசவ விடுப்பில் இருக்கும் பெண்ணை அந்த விடுப்பைக் காட்டி நீக்குவது சட்ட விரோதம்.

படி 5: குன்னூருக்கு

நீலகிரிக்கான தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகம் குன்னூரில் இருக்கிறது. சமரச அலுவலருக்கு மனு என்று சொன்னால் வழி காட்டுவார்கள். கட்டணம் இல்லை. கூடலூர், பந்தலூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஊட்டி வந்து இறங்கிக் குன்னூர் போய்த் திரும்பவே ஒரு நாள் சரியாகிவிடும். மழைக்காலத்தில் ரோடு அடைபட்டால் அதுவும் இல்லை. அதனால் மனு மூன்று பிரதி, படி 2 கடிதத்தின் நகல், தபால் ரசீது, சம்பளச் சான்று, ஆதார் நகல் எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொண்டுபோங்கள். உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் பஸ் ஏறாதீர்கள்.

அந்தத் தேதி ஏன் முக்கியம் என்றால், 45 நாளில் சமரசம் ஆகாவிட்டால் நீங்களே நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில், நீக்கிய நாளிலிருந்து 2 ஆண்டுதான் கெடு. பழைய 1947 தொழில் தகராறுச் சட்டத்தில் இது 3 ஆண்டாக இருந்தது. பழைய நினைப்பில் காத்திருக்காதீர்கள். கடை ஊழியர்களுக்குத் தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் தனி மேல்முறையீடும் உண்டு. 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத நோட்டீசும் இல்லாமல் நீக்க முடியாது. மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான்.

"நீங்கள் சூப்பர்வைசர், இந்தச் சட்டம் பொருந்தாது" என்று நிர்வாகம் சொல்லலாம். மேற்பார்வை வேலையும் மாதம் 18,000க்கு மேல் சம்பளமும் சேர்ந்திருந்தால்தான் அந்த வாதம் எடுபடும். பட்டத்தைப் பார்க்காமல் செய்த வேலையைத்தான் பார்ப்பார்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று நிறுத்திவிட வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், தொழிலாளர்கள் ஆகியோருக்கு 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. 15100க்குப் போன் செய்யலாம். ஊட்டி நீதிமன்றத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமும் கேட்கலாம்.

லைன் வீட்டில் (எஸ்டேட் குடியிருப்பில்) இருப்பவர்களுக்கு

வேலை போனதும் வீட்டைக் காலி செய் என்று நெருக்குவார்கள். சட்ட நடவடிக்கை இல்லாமல் பூட்டை உடைக்கவோ, சாமானை வெளியே தூக்கிப் போடவோ, கரண்டைப் பிடுங்கவோ நிர்வாகத்துக்கு உரிமை இல்லை. மனு கொடுத்திருப்பதைச் சொல்லி அவகாசம் கேட்டு எழுதுங்கள். காலி செய்யும் நாள் வந்தால், சாவியைக் கொடுத்த தேதியை எழுதி ஆபீசில் கையெழுத்து வாங்குங்கள். பக்கத்து வீட்டார் ஒருவரின் சாட்சிக் கையெழுத்தும் இருக்கட்டும். அந்தச் சீட்டு இல்லாவிட்டால், காலி செய்யவில்லை என்று சொல்லி வாடகையைப் பணிக்கொடையில் கழிக்கப் பார்ப்பார்கள்.