பரணில் கிடக்கும் சாமானை யாருக்குக் கொடுப்பது? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

வீட்டை ஒதுக்கும்போது வேண்டாத துணியை மூட்டையாகக் கட்டி, "யாராவது எடுத்துக்குவாங்க" என்று குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வருபவர்கள் நிறைய. நம் மாவட்டத்தில் அது நடக்காத காரியம். ஜூனில் ஒரு பருவமழை, அக்டோபரில் இன்னொன்று, இடையில் கோடை மழை வேறு. ஒரு ராத்திரி நனைந்தால் மறுநாள் அது வெறும் குப்பை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரைக்கு லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது நினைவிருக்கும். அதில் ஏராளமானவை யாரும் தொடாமல் சாலையோரத்திலேயே கிடந்து மட்கின. அனுப்பியவர்களுக்கு நல்ல மனசுதான். ஆனால் என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அதனால் முதலில் கேளுங்கள், அப்புறம் மூட்டை கட்டுங்கள். கீழே சொல்லும் வேலை எல்லாம் இதற்குள் அடக்கம்.

படி 1: பிரிப்பது

ஒரே நாளில் மொத்த வீட்டையும் கலைக்க வேண்டாம். ஒரு அலமாரி அல்லது ஒரு பரண் போதும். தரையில் பாயை விரித்து மூன்று குவியல் போடுங்கள்: அப்படியே கொடுக்கலாம், சின்னப் பழுது பார்த்துக் கொடுக்கலாம், ஆக்கர் கடைக்கு (பழைய இரும்பு, பேப்பர் எடுக்கும் கடை). எதில் சேர்ப்பது என்று சந்தேகம் வந்தால், சித்தி மகளிடம் கூச்சப்படாமல் இதைக் கொடுப்பீர்களா என்று யோசித்துப் பாருங்கள். இழுத்தடிக்கும் குவியல் நடுவில் இருப்பதுதான். இரண்டு வாரத்துக்குள் தைக்காத பொத்தானை நீங்கள் எப்போதும் தைக்கப் போவதில்லை. மூன்றாவது குவியலுக்குத் தள்ளிவிடுங்கள்.

படி 2: கேட்பது

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். முதியோர் இல்லம், குழந்தைகள் இல்லம் நம் மாவட்டத்தில் நிறையவே உண்டு. பதிவு பெற்றவை எவை என்று தெரியாவிட்டால் நாகர்கோவில் கலெக்டர் ஆபீசுக்குப் போய்க் கேளுங்கள். குழந்தைகள் இல்லங்களுக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, முதியோர் இல்லங்களுக்கு சமூக நலத்துறை. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு ஊரில் இருக்கும் பங்குக் கோயில், சபை, ஜமாத் இருக்கிறது. பல கத்தோலிக்கப் பங்குகளில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் உண்டு. எந்த வீட்டில் என்ன கஷ்டம் என்று அவர்களுக்குத் தெரியும்.

போனில் பேச்சைத் தொடங்கத் தயக்கமாக இருந்தால் இப்படிக் கேளுங்கள்: "சிஸ்டர், வீட்ல நல்ல நிலைமையில பெட்ஷீட்டும் எவர்சில்வர் பாத்திரமும் இருக்கு. உங்களுக்குத் தேவைப்படுமா? இப்போ அங்க எது தட்டுப்பாடு?" இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். துணி வைக்க இடமில்லை, பக்கெட்டும் துவர்த்தும் (துண்டு) கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று பதில் வரலாம். வேண்டாம் என்று சொன்னால் வருத்தப்பட ஒன்றுமில்லை.

முதியோர் இல்லத்துக்குத் துணி கொடுப்பதானால் மெல்லிய பருத்திச் சேலை, முன்பக்கம் திறக்கிற நைட்டி, கைலி ஆகியவை உதவும். ஜரிகை போட்ட பட்டுச் சேலையைப் படுக்கையில் இருப்பவருக்கு உடுத்த முடியாது, துவைப்பவருக்கும் பாடு.

நிறையப் பேர் மறந்துவிடும் ஒன்று உண்டு. வீட்டில் பெரியவர் ஒருவர் படுத்த படுக்கையாக இருந்து காலமான பிறகு வீல்சேர், வாக்கர், கமோடு நாற்காலி, வாட்டர் பெட் எல்லாம் மூலையில் கிடக்கும். பார்க்கவே மனசு வராமல் அப்படியே விட்டுவிடுகிறோம். அந்த நேரத்தில் இன்னொரு வீட்டில் இதே சாமான்களைக் கடையில் விலை கேட்டுத் திகைத்துக்கொண்டிருப்பார்கள். தாமதிக்காமல் கொடுக்க வேண்டியவை இவைதான். ரப்பர் பாகங்கள் நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் சீக்கிரம் பிசுபிசுத்துப் போகும்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி. மறுபயன்பாட்டுக்கான பொருட்களைப் பெற்றுக்கொள்ளும் மையங்களைத் திறக்கும்படி 2023 மே மாதம் மத்திய அரசு உள்ளாட்சிகளிடம் சொன்னது. நாகர்கோவில் மாநகராட்சியிலோ, குளச்சல், குழித்துறை, பத்மநாபபுரம் நகராட்சிகளிலோ இப்போது அப்படி மையம் நடக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கொண்டு போங்கள்.

படி 3: துவைத்துக் காயவைப்பது

துவைத்த துணி முழுதாகக் காய வேண்டும், இஸ்திரி போட்டதுபோல மொறுமொறுப்பாக. கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பிளாஸ்டிக் பைக்குள் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் இந்த வேலைக்குத் தை முதல் பங்குனி வரைதான் நல்ல காலம். கடலோர வீடுகளில் இரும்பு அலமாரியின் அடித்தகட்டைத் தட்டிப் பாருங்கள். உப்புக்காற்றில் துரு உள்ளுக்குள் தின்றிருக்கும். மேலே பெயின்ட் மட்டும்தான் மிச்சமாக இருக்கும்.

பஞ்சு மெத்தை, தலையணை இரண்டையும் பெரும்பாலும் கொடுக்காமல் இருப்பதே நல்லது. மூட்டைப்பூச்சியைச் சேர்த்து அனுப்புகிறோமா என்று நமக்கே தெரியாது.

படி 4: சோதித்துப் பார்ப்பது

மிக்சி, ஃபேன், இஸ்திரிப் பெட்டியைப் போட்டுப் பார்த்து, ஓடினால் மட்டும் கொடுங்கள். சின்னக் குறை இருந்தால் காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள்: "மூன்றாவது ஸ்பீடு வேலை செய்யாது". வளைகுடாவிலிருந்து வந்த சாமானில் பெரும்பாலும் தட்டையான மூன்று கம்பி பிளக் இருக்கும். நம் பாயின்டில் அது சேராது. எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மாற்றிவிட்டே அனுப்புங்கள், செலவு சொற்பம். குக்கருக்கு கேஸ்கெட்டும் வால்வும் சரியாக இருக்க வேண்டும். பழைய ஹெல்மெட்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். ஒருமுறை விழுந்திருந்தாலும் உள்ளே இருக்கும் சேதம் வெளியே தெரியாது.

செல்போனில் உங்கள் கணக்குகளிலிருந்து வெளியேறி, ரீசெட் செய்து, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். சட்டைப்பை, கைப்பை, புத்தகத்தின் நடுப்பக்கம் எல்லாவற்றையும் ஒருதடவை உதறிப் பாருங்கள்.

பாடப்புத்தகத்தில் கவனம் வேண்டும். தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் 2018-19லும் அதற்கு அடுத்த ஆண்டும் மாறியது. அதற்கு முந்திய புத்தகம் பிள்ளைகளுக்கு உதவாது. நீட் பாடத்திட்டமும் 2024 தேர்வுக்கு மாற்றப்பட்டது. கதைப் புத்தகம், அகராதி என்றால் கிளை நூலகத்தில் கேட்கலாம்.

படி 5: கொண்டு சேர்ப்பது

பாத்திரத்தை ஒரு சாக்கில், துணியைத் தனி அட்டைப் பெட்டியில் வையுங்கள். ஆண், பெண், வயது என்று வெளியே எழுதினால் அங்கே இருப்பவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். கட்டில், பீரோ என்றால் டெம்போ வாடகையையும் ஏற்றி இறக்கும் கூலியையும் நீங்களே கொடுங்கள். "வந்து எடுத்துக்கிட்டுப் போங்க" என்று இல்லத்துக்காரர்களை அலைக்கழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இல்லத்துக் குழந்தைகளை நிறுத்திப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அந்தக் குழந்தைகளின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு தடை செய்கிறது. வருமான வரியில் கழிக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். நன்கொடைக்கான வரிச் சலுகை பணத்துக்கு மட்டும்தான், பொருளுக்குக் கிடையாது.

படி 6: மிச்சத்தை என்ன செய்வது

இரும்பு, அலுமினியம், பேப்பர் ஆக்கர் கடைக்கு. இன்வெர்ட்டர் பேட்டரியை அங்கே போடாமல், புதிது வாங்கும் கடையில் திருப்பிக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். உள்ளே ஈயமும் ஆசிடும் இருப்பதால் அதுதான் பத்திரமும்கூட. பிரித்த மாத்திரை அட்டைகளை எந்த இல்லத்துக்கும் கொடுக்காதீர்கள். கிழிந்த பருத்தி லுங்கி, பனியனைப் பக்கத்து பைக் வொர்க்ஷாப்பில் கேட்டுப் பாருங்கள். கிரீஸ் துடைக்க வாங்கிக்கொள்வார்கள். பட்டனையும் ஜிப்பையும் வெட்டிவிட்டுக் கொடுங்கள், வண்டி டாங்கில் கீறல் விழும். நைலான் துணி எண்ணெயைச் சரியாக உறிஞ்சாது, அதை எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.