வயர்ஷார்க்குக்கு டிசெக்டர் எழுதுகிறவர்கள் செய்யும் தவறுகள்

நெட்வொர்க்கில் போய்வரும் பாக்கெட்களைப் பிடித்துக் காட்டும் நிரல் வயர்ஷார்க். அதில் ஒரு புரோட்டோகாலை (கணினிகள் பேசிக்கொள்ளும் விதிமுறையை) பிரித்துப் படித்துக் காட்டும் பகுதிக்கு டிசெக்டர் என்று பெயர். டிஎன்எஸ்ஸுக்கு ஒன்று, டிஎல்எஸ்ஸுக்கு ஒன்று என்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பெரும்பாலும் சி மொழியில், பல ஊர்க்காரர்கள் தங்கள் தேவைக்கு எழுதி, பிறகு எல்லோருக்குமாகக் கொடுத்தவை. ஓப்பன் சோர்ஸில் இறங்க நினைப்பவர்களுக்கு இது நல்ல இடம். ஸ்பெக்கை, அதாவது அந்தப் புரோட்டோகாலின் விதிகளை விவரிக்கும் ஆவணத்தை, பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் பைட் இது, அடுத்த இரண்டு பைட் அது என்று எழுதிக்கொண்டே போகலாம். சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அனுப்புகிற நிரல் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைத்தான் ஸ்பெக் சொல்கிறது. கேபிளில் வருவதெல்லாம் அப்படியே இருக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை.

நீளத்தை நம்புவது

தரவை வரிசை மாறாமல் கொண்டு சேர்க்கும் டிசிபி புரோட்டோகாலின் ஹெடரில் (முன்பகுதியில்) வரும் ஆப்ஷன்களைப் பாருங்கள். ஒரு துண்டில் அதிகபட்சம் எத்தனை பைட் வரலாம் என்று சொல்லும் எம்எஸ்எஸ் ஆப்ஷன் என்றால் வகை 2, நீளம் 4, அதன் பின் இரண்டு பைட் மதிப்பு. வகைக்கும் நீளத்துக்குமான இரண்டு பைட்டையும் சேர்த்துத்தான் அந்த 4. லூப் எழுதுகிறவர் நீளத்தைப் படிப்பார், ஆஃப்செட்டோடு (இப்போது படிக்கும் இடத்தின் எண்ணோடு) கூட்டுவார், அடுத்த ஆப்ஷனுக்குப் போவார். சரி, யாரோ வேண்டுமென்றே அந்த 4 இருக்க வேண்டிய இடத்தில் 0 வைத்து அனுப்பினால்? ஆஃப்செட் நகரவே நகராது. அதே ஆப்ஷனைத் திரும்பத் திரும்பப் படித்து, திரையில் வரிக்கு மேல் வரி சேர்த்து, மெமரி தீரும்வரை சுற்றிக்கொண்டிருக்கும். வயர்ஷார்க்கின் பாதுகாப்பு அறிவிப்புகளைப் புரட்டினால், ஏதாவது ஒரு டிசெக்டர் முடிவில்லாத லூப்பில் மாட்டிக்கொண்ட கதை அடிக்கடி கண்ணில் படும். குறைந்தபட்ச நீளம் இருக்கிறதா என்று ஒரே ஒரு வரியில் சோதித்திருந்தால் போதும்.

இதன் அண்ணன் ஒருவன் உண்டு. 32 பிட் நீளத்தோடு ஹெடருக்கான 8 பைட்டைக் கூட்டுகிறீர்கள். பாக்கெட்டில் வந்த நீளம் 4,294,967,295 என்றால் கூட்டுத்தொகை சுற்றி வந்து 7 ஆகிவிடும். 'பெரிய நீளத்தை மறுத்துவிடு' என்று நீங்கள் எழுதிய சோதனை அந்த 7ஐப் பார்த்துவிட்டு வழிவிடும்.

பாக்கெட் பைட்களை வயர்ஷார்க் டிவிபஃப் என்ற உறைக்குள் வைத்துத்தான் தருகிறது. அதன் ஃபங்ஷன்கள் வழியாகப் படித்தால், எல்லை தாண்டியதும் அதுவே தடுத்து 'மால்ஃபார்ம்டு பாக்கெட்' என்று காட்டிவிடும். வேகத்துக்காக என்று சொல்லிப் பாயின்டரை வெளியே எடுத்து, சொந்த அரேயில் காப்பி செய்கிறவர்கள் அந்தப் பாதுகாப்பைக் கையோடு கழற்றி வைத்துவிடுகிறார்கள். உங்கள் நிரல் மாற்றத்தை (பேட்ச்) அனுப்பும் முன், வயர்ஷார்க்கோடு வரும் எடிட்கேப் கருவியால் ஒரு கேப்சர் கோப்பின் (பிடித்த பாக்கெட்களைச் சேமித்த கோப்பு) பைட்களை அங்கங்கே கெடுத்து, அதைத் திறந்து பாருங்கள். அதற்கென்றே அந்தக் கருவியில் வசதி இருக்கிறது.

ஒரே ஒரு முறைதான் படிப்பார்கள் என்று நினைப்பது

என்னைக் கேட்டால், புதிதாக எழுதுகிறவர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். கோப்பைத் திறக்கும்போது வயர்ஷார்க் எல்லா பாக்கெட்டையும் வரிசையாகப் படிக்கிறது. அதோடு விட்டுவிடுவதில்லை. நீங்கள் ஒரு வரியைக் கிளிக் செய்தால் அந்த பாக்கெட்டுக்கு மறுபடி டிசெக்டர் ஓடும். ஃபில்டர் போட்டால் எல்லாவற்றுக்கும் ஓடும். எந்த வரிசையில் கிளிக் வரும் என்று சொல்ல முடியாது.

இப்போது ஒருவர், கடைசியாகப் பார்த்த கோரிக்கையின் எண்ணை ஒரு குளோபல் வேரியபிளில் வைத்துக்கொண்டு, பதில் வந்ததும் 'இது இன்ன கோரிக்கைக்கான பதில்' என்று காட்டுகிறார். திறந்தவுடன் பட்டியலில் எல்லாம் சரியாகத் தெரியும். பிறகு மேலே போய் 12ஆவது பாக்கெட்டைக் கிளிக் செய்தால், வேரியபிளில் இருப்பதோ கோப்பின் கடைசிக் கோரிக்கையின் எண். மேலே பட்டியலில் ஒன்று, கீழே விவரத்தில் இன்னொன்று. பயனர் தன் சர்வரில்தான் கோளாறு என்று தேட ஆரம்பிப்பார். வயர்ஷார்க்கின் கட்டளை வரி வடிவமான டிஷார்க்கில் சோதித்தால் இந்தப் பிழை தெரியவே தெரியாது, ஏனென்றால் வேறு ஏதும் சொல்லாவிட்டால் அது ஒரே ஒரு முறைதான் படிக்கும். நினைவில் வைக்க வேண்டியதை அந்த இணைப்புக்கென்று வயர்ஷார்க் வைத்திருக்கும் கான்வர்சேஷன் என்ற பதிவிலோ அந்த பாக்கெட்டோடு சேர்த்தோ வைக்க வேண்டும். அதையும் முதல் முறை பார்க்கும்போது மட்டுமே எழுத வேண்டும்.

டிசிபி மேல் ஓடும் புரோட்டோகால் என்றால் இன்னொன்றும் உண்டு. 2000 பைட் செய்தி பெரும்பாலும் ஒரே பாக்கெட்டில் வராது. 1460 ஒன்றிலும் 540 அடுத்ததிலுமாக வரலாம். இரண்டு குட்டிச் செய்திகள் ஒரே பாக்கெட்டில் ஒட்டிக்கொண்டும் வரலாம். லேப்பில் பக்கத்துப் பக்கத்து மெஷின்களில் சின்னச் செய்திகளை அனுப்பிப் பார்க்கிறவர்களுக்கு இது கடைசிவரை தெரியாமலே போகும். துண்டுகளைச் சேர்த்துத் தரும் உதவி ஃபங்ஷன் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு செய்தியின் நீளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மட்டும் நீங்கள் சொல்லிக் கொடுத்தால் போதும்.

போர்ட் எண்ணை (எந்தச் சேவைக்கு என்று குறிக்கும் எண்) பார்க்காமல், உள்ளடக்கத்தைப் பார்த்து 'இது என்னுடையது' என்று உரிமை கொண்டாடும் டிசெக்டர்களும் உண்டு. முதல் பைட் 1 என்றால் என்னுடையது என்று எழுதினால், ஊரில் உள்ள பாக்கெட்டையெல்லாம் அது தன் பெயரில் காட்டும். நாலைந்து நிபந்தனையாவது வையுங்கள்.

ரூட்டாக ஓட்டுவது, கோப்பை அப்படியே கொடுப்பது

முன்பின் தெரியாதவர் அனுப்பிய பைட்களை இத்தனை பேர் எழுதிய சி நிரல் படிக்கிறது. அதை ரூட்டாக, அதாவது கணினியின் முழு அதிகாரத்தோடு, ஓட்டலாமா? வயர்ஷார்க்கின் பழைய பெயர் எதீரியல். பாதுகாப்புக் குறைகளைக் காரணம் காட்டி 2004இல் ஓப்பன்பிஎஸ்டி என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் அதைத் தன் போர்ட்ஸ் தொகுப்பிலிருந்தே (நிறுவிக்கொள்ளத் தரும் நிரல்களின் தொகுப்பு) எடுத்துவிட்டது. இன்று பாக்கெட் பிடிக்கும் வேலையை டம்ப்கேப் என்ற சின்ன நிரல் தனியே செய்கிறது. சிறப்பு அனுமதி அதற்கு மட்டும் போதும். டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில், நிறுவும்போது சாதாரணப் பயனர்களும் பாக்கெட் பிடிக்கலாம் என்று தேர்ந்தெடுத்துவிட்டு, வயர்ஷார்க் என்ற குழுவில் பயனரைச் சேர்த்தாலே வேலை முடிந்தது. இருந்தும் ரூட் அதிகாரம் தரும் சூடோ கட்டளை போட்டே திறக்கிறவர்களுக்குக் குறைவில்லை.

பிழை அறிக்கையோடு கேப்சர் கோப்பு இணைப்பது நல்ல பழக்கம். அது இல்லாமல் பராமரிப்பாளரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ஃபில்டர் போட்டுவிட்டு சேவ் கொடுத்தால் திரையில் தெரிவது மட்டும் சேவ் ஆவதில்லை, முழுக் கோப்பும் போகும், உங்கள் பாஸ்வேர்டும் சேர்த்து. குறிப்பிட்ட பாக்கெட்களை மட்டும் ஏற்றுமதி செய்யத் தனி மெனு இருக்கிறது. வயர்ஷார்க் வழக்கமாகச் சேமிக்கும் பிகேப்-என்ஜி வகைக் கோப்பில் உங்கள் ஆபரேட்டிங் சிஸ்டம், பிராசஸர் விவரம்கூட எழுதப்பட்டிருக்கும் என்பது பலருக்குத் தெரியாது.

நிரலுக்கு வெளியே

ஜெரால்ட் கோம்ப்ஸ் 1998இல் எதீரியலை வெளியிட்டார். 2006இல் வேறு நிறுவனத்துக்கு மாறியபோது, நிரலை யாரும் பயன்படுத்தி, மாற்றி, பகிரலாம் என்று சொல்லும் ஜிபிஎல் உரிமத்தால் நிரலைக் கூடவே கொண்டுபோக முடிந்தது. பெயரைக் கொண்டுபோக முடியவில்லை. வர்த்தக முத்திரை பழைய நிறுவனத்திடம் இருந்தது. அப்படித்தான் வயர்ஷார்க் என்ற பெயர் வந்தது. திட்டம் சின்னதாக இருக்கும்போதே பெயரும் டொமைனும் யார் பெயரில் இருக்கின்றன என்று பார்த்துக்கொள்வது நல்லது. அதே ஜிபிஎல், வயர்ஷார்க்கோடு தனியே இணைக்க நீங்கள் எழுதும் பிளகினுக்கும் பொருந்தும். அலுவலகத்துக்குள் மட்டும் பயன்படுத்தினால் பிரச்சினை இல்லை. பைனரியாக வாடிக்கையாளருக்குக் கொடுத்தால் சோர்ஸும் கேட்பார்கள், கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

அப்புறம் ஃபில்டர் பெயர்கள். டிசெக்டரில் ஒரு ஃபீல்டுக்கு நீங்கள் வைக்கும் பெயரை மற்றவர்கள் தங்கள் ஸ்கிரிப்ட்களில் எழுதி வைத்துவிடுவார்கள். அழகாக இல்லை என்று அடுத்த பதிப்பில் மாற்றினால் அத்தனையும் நின்றுபோகும். 2019இல் வந்த 3.0 பதிப்பில் பூட்பி என்பது டிஹெச்சிபி ஆனது, எஸ்எஸ்எல் என்பது டிஎல்எஸ் ஆனது. அப்போதும் பழைய பெயர்களை மாற்றுப்பெயராக விட்டு வைத்தார்கள்.