சேதுகாவலன்: எந்த வீட்டுப் பட்டம் என்று பிரிப்பது எப்படி

சேதுகாவலன் என்றால் சேதுவை, அதாவது இராமர் கட்டியதாகச் சொல்லப்படும் பாலத்தை, காப்பவன். இராமேசுவரம், பாம்பன், தேவிபட்டினம் பக்கம் காசிலோ செப்பேட்டிலோ 'சேது' என்று கண்ணில் பட்டால் உடனே இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதே சேதுவைக் காட்டி அரசுரிமை பேசிய இன்னொரு குடும்பமும் உண்டு: யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள். 13-ஆம் நூற்றாண்டில் மாறவர்மன் குலசேகர பாண்டியனுக்காக இலங்கையின் யாப்பகுவை மேல் படையெடுத்துப் புத்தரின் தந்ததாதுவை (புனிதப் பல்லை) கொண்டுவந்தவர் இந்தப் பெயருடையவர்தான்.

முதலில் ஆண்டைப் பாருங்கள். சடைக்கன் உடையானுக்கு மதுரை நாயக்கர் சேதுபதிப் பட்டம் கட்டியது 1605. யாழ்ப்பாணம் போர்த்துகீசியரிடம் விழுந்தது 1619. இரு வீடும் ஒரே காலத்தில் ஆண்ட இந்த இடைப்பட்ட 14 ஆண்டுகளில்தான் உண்மையான குழப்பம்.

செப்பேட்டில் சக ஆண்டு (பழைய ஆண்டுக் கணக்கு) இருந்தால், ஆங்கில ஆண்டு கிடைக்க 78 கூட்டுங்கள். தை, மாசி, பங்குனி என்றால் 79. பிறகு அறுபதாண்டுப் பெயரோடு ஒப்பிடுங்கள். சகம் 1635, விஜய வருஷம், ஆனி மாதம் என்றால் 1713, பெயரும் பொருந்துகிறது. ஓராண்டு தள்ளினால், எழுதியவர் முடிந்த ஆண்டை எண்ணினாரா, நடக்கும் ஆண்டை எண்ணினாரா என்ற கணக்கு வேறுபாடாக இருக்கும். அதற்கு மேல் தள்ளினால் எண்களை மறுபடி படியுங்கள். தேய்ந்த ஏட்டில் ௧ (1), ௪ (4) மயங்கும். அப்படியும் பொருந்தவில்லையா? பிற்காலப் படியோ, போலியோ என்று சந்தேகப்படலாம்.

காசில் ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் படுத்த காளை, அதன் கீழ் 'சேது' என்றிருந்தால் யாழ்ப்பாணத்தது. சேதுபதிகளும் செப்புக்காசு வெளியிட்டதால் எழுத்தை மட்டும் நம்பக் கூடாது. புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பச்சைக் களிம்போடு எழுத்தின் விளிம்பும் போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் மண்ணை மட்டும் எடுங்கள். டார்ச்சைச் சாய்த்துப் பக்கவாட்டில் அடித்தால் எழுத்து எழுந்து தெரியும்.

'இராமர் கொடுத்த உரிமை' என்ற பேச்சு இரு வீட்டிலும் உண்டு; வீட்டைப் பிரிக்க அது உதவாது. செகராசசேகரன், பரராசசேகரன் என்பவை யாழ்ப்பாணத்தார் மாறி மாறிச் சூடிய பட்டப்பெயர்கள். அவற்றை ஆள் பெயராக எடுத்தால் தாத்தாவும் பேரனும் ஒருவராகிவிடுவார்கள். சேதுபதிகளில் 'ரகுநாத' என்பதும் இப்படியே. ஆண்டு இல்லாமல் எவரையும் வம்சாவளியில் ஏற்றாதீர்கள்.

மண்ணுக்கடியில் கிடைத்த பொருள் என்றால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.