இந்தச் சாலையில் யாருக்கு என்ன வேலை? இங்கிலாந்துக் கிராமங்களில் கார் தொல்லை இல்லாமல் சைக்கிள் ஓட்ட

இங்கிலாந்துக்கு வந்து ஆசையாக சைக்கிள் வாங்கிய நம்மவர்கள் பலர், இரண்டு மாதத்தில் அதைக் கொட்டகையில் சாத்திவிடுகிறார்கள். கேட்டால் குளிர், மழை என்பார்கள். தோண்டித் துருவி விசாரித்தால் கதை வேறு. காரில் போய்ப் பழகிய அதே சாலையில் சைக்கிளையும் விட்டிருப்பார்கள். ஒரு லாரி முழங்கையை உரசுகிற மாதிரி போயிருக்கும். அத்தோடு ஆசை தீர்ந்தது.

அந்தப் பெரிய சாலைக்கு ஒரு மைல் தள்ளி, இருபுறமும் உயிர்வேலி உயர்ந்து நிற்கும் ஒரு சின்னஞ்சிறு தார்ச்சாலை கிடக்கும். இங்கே அதை ‘லேன்’ என்பார்கள். அரை மணி நேரம் ஓட்டினாலும் நாலைந்து கார்தான் வரும். அப்படிப்பட்ட லேன்களைக் கோத்து ஒரு நாள் பயணம் அமைப்பது எப்படி என்று பார்ப்போம். சஃபோக் மாவட்டத்தின் லாவன்ஹாம் பக்கத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். பெரிய மேடுகள் இல்லாத ஊர், புதியவர்களுக்குத் தோது.

படி 1: வரைபடத்தின் நிறங்களைப் படியுங்கள்

ஆர்டினன்ஸ் சர்வே என்ற அரசு நிறுவனம் 1791இலிருந்து இந்த நாட்டை அளந்து வருகிறது. அவர்களுடைய ‘லேண்ட்ரேஞ்சர்’ வரைபடம் (இளஞ்சிவப்பு அட்டை, 1:50,000 அளவு) போதும். லாவன்ஹாமுக்கு 155ஆம் எண். கைப்பேசியில் பார்த்தாலும் சரிதான். ஆனால் மேசையில் விரித்து வைத்துப் பார்க்கும்போது கண்ணில் படுவது வேறு.

நீலம் மோட்டார்வே (அதிவேக நெடுஞ்சாலை), அதில் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. பச்சையும் சிவப்பும் ஏ சாலைகள், அதாவது முக்கியச் சாலைகள். ஆரஞ்சு அதற்கு அடுத்த நிலையான பி சாலை. நமக்கு வேண்டியது மஞ்சள். அதிலும் தடித்த மஞ்சள், மெல்லிய மஞ்சள் என்று இரண்டு உண்டு. மெல்லியது நான்கு மீட்டருக்கும் குறைவான அகலம் என்று பொருள். இரண்டு கார்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும். அவசரக்காரன் அந்தப் பக்கமே வரமாட்டான்.

வெள்ளைக் கோடுகளை நம்ப வேண்டாம். பண்ணைக்குள் போகும் தனியார் வழியாகவும் இருக்கும், சேற்றுத் தடமாகவும் இருக்கும்.

படி 2: ‘யாருக்கு என்ன வேலை?’ என்று கேளுங்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். மஞ்சளாக இருப்பதால் மட்டும் ஒரு சாலை அமைதியாகிவிடாது. அந்த வழியே போக யாருக்குக் காரணம் இருக்கிறது என்று யோசியுங்கள்.

இரண்டு ஏ சாலைகளைக் குறுக்கே இணைக்கும் மஞ்சள் கோடு என்றால், அது உள்ளூர்க்காரர்களின் குறுக்குவழி. காலை எட்டு மணிக்கு அதில் பறப்பார்கள். ஊருக்கு வெளியே வேக வரம்புப் பலகை இல்லாத ஒற்றைச் சாலைகளில் சட்டப்படி மணிக்கு 60 மைல் வரை போகலாம். நான்கு மீட்டர் லேனுக்கும் அதே வரம்புதான். பள்ளிக்கூடம், கல்குவாரி, பெரிய தோட்டக்கடை ஆகியவற்றுக்குப் போகும் லேன்களும் அப்படித்தான்.

மாறாக, ஒரு நல்ல ஏ சாலைக்கு இணையாக வளைந்து வளைந்து போய் நாலு வீடும் ஒரு தேவாலயமும் உள்ள ஊர்களைத் தொடும் லேனைத் தேடுங்கள். வேகமாகப் போக வேண்டியவர்கள் எல்லாரும் அந்த ஏ சாலையில் போய்விடுவார்கள். பக்கத்து ஊரான சட்பரியிலிருந்து லாவன்ஹாமுக்கு பி1071 நேராகப் போகிறது. கார்களும் அதில்தான். ஆக்டன் கிராமத்தைச் சுற்றிக்கொண்டு போனால் தூரம் கொஞ்சம் கூடும், தலைவலி குறையும்.

படி 3: பாலங்களிலிருந்து தொடங்குங்கள்

புதியவர்கள் அழகான லேன்களையெல்லாம் முதலில் கோத்துவிட்டு, நடுவில் ஓர் ஆறு வந்ததும் மாட்டிக்கொள்வார்கள். ஆறு, ரயில்பாதை, மோட்டார்வே மூன்றையும் கடக்கும் இடங்கள் குறைவு. எல்லா வண்டிகளும் அங்கேதான் வந்து சேரும். நாட்டிங்ஹாமுக்கும் நியூவர்க்குக்கும் இடையில் ட்ரெண்ட் ஆற்றைக் கடக்க கந்தோர்ப்பில் ஒரே ஒரு சாலைப் பாலம். அதன் மேல் போவதோ ஏ6097. ஆகவே கடக்கும் இடங்களை முதலில் பென்சிலால் வட்டமிட்டுவிட்டு, அவற்றுக்கு நடுவே லேன்களை நிரப்புங்கள்.

ஏ சாலையைக் கடந்தே ஆக வேண்டும் என்றால், குறுக்கே நேராகப் போகும் சந்திப்பைத் தேர்ந்தெடுங்கள். வலப்பக்கம் திரும்பி, நூறு மீட்டர் அந்தச் சாலையிலேயே போய், மறுபடி திரும்ப வேண்டிய சந்திப்புதான் ஆபத்து.

படி 4: தெருப்படத்தில் புல்லைத் தேடுங்கள்

கூகுளின் தெருப்படத்தில் (ஸ்ட்ரீட் வியூ) லேனுக்குள் இறங்கிப் பாருங்கள். சாலை நடுவில் புல் முளைத்திருக்கிறதா? கொண்டாடுங்கள். வண்டிச் சக்கரங்கள் படாத இடத்தில்தான் புல் வளரும். நடுக்கோடு போடப்படாத சாலையும் நல்ல அறிகுறி. நடுவில் வெள்ளைக்கோடு, ஓரத்தில் வெள்ளைக்கோடு, பூனைக்கண் (இரவில் வெளிச்சம் பட்டால் மின்னும் பதிகல்) என்று வரிசையாக இருந்தால், மஞ்சள் நிறமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

படி 5: செயலியைக் கேளுங்கள், நம்பிவிடாதீர்கள்

சைக்கிள்ஸ்ட்ரீட்ஸ் தளத்தில் வேகமான வழி, அமைதியான வழி என்று பிரித்துக் காட்டும். சைக்கிள்.டிராவல் தளம் போக்குவரத்து அளவையும் கணக்கில் எடுத்து வழி போடும். நான் முதலில் அதில் ஒரு வழி வரைந்துவிட்டு, பிறகு வரைபடத்தோடு உட்கார்ந்து திருத்துவேன்.

பெயர் சொல்ல விரும்பாத வேறொரு செயலி, ஒரு பிப்ரவரி மாதம் என்னைக் குதிரைப்பாதை ஒன்றில் இறக்கிவிட்டது. சட்டப்படி தப்பில்லை. 1968ஆம் ஆண்டின் கிராமப்புறச் சட்டம் குதிரைப்பாதைகளில் சைக்கிளை அனுமதிக்கிறது. ஆனால் களிமண் சக்கரத்துக்கும் மட்காடுக்கும் நடுவே அடைத்துக்கொண்டு, இரண்டு கிலோமீட்டர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். நடைபாதை என்று குறித்திருப்பவற்றில் சைக்கிள் ஓட்ட உரிமையே கிடையாது. நீலப் பலகையில் எண் போட்ட தேசிய சைக்கிள் தடங்களும் எல்லா இடத்திலும் தார் போட்டவை அல்ல. சாலை சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு துண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: ஏற்றம், காற்று, திருப்பம்

வரைபடத்தில் சாலை மேல் ஓர் அம்புக்குறி இருந்தால் சரிவு 14 முதல் 20 சதவீதம். இரண்டு அம்பு என்றால் அதற்கும் மேல். அம்பு இறக்கத்தைக் காட்டும். எதிர்த்திசையில் வருபவர் இறங்கித் தள்ளுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. டெவனில் இது அடிக்கடி வரும், சஃபோக்கில் அபூர்வம்.

இங்கும் நம் ஊர் மாதிரி இடப்பக்கப் போக்குவரத்துதான். அதனால் சுற்றுவழியைக் கடிகார முள்ளுக்கு எதிராகப் போட்டால் பெரும்பாலும் இடத் திருப்பங்களே வரும், எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே வெட்ட வேண்டியிருக்காது. காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கும். எதிர்காற்றைப் போகும்போதே முடித்துவிடுவது நல்லது. இரண்டும் எப்போதும் ஒத்துவராது. கீழே சொல்லப்போகும் சுற்றில் ஒத்துவரவில்லை. முதல் தடவை என்றால் நான் இடத் திருப்பத்தின் பக்கம்தான்.

படி 7: லாவன்ஹாம் சுற்று

சுமார் 20, 22 கி.மீ. வரும். சாய்ந்து நிற்கும் மரச்சட்ட வீடுகள் நிறைந்த லாவன்ஹாமில் தொடங்கி, தெற்கே மில்டன், அங்கிருந்து மங்க்ஸ் ஈலி. இங்கே ஏ1141இல் சிறிது தூரம் போயாக வேண்டும். ஊருக்குள் இருப்பதால் சமாளிக்கலாம். பிறகு பி1115 வழியாக செல்ஸ்வொர்த். பி சாலைதான், வேறு வழியில்லாமல் சேர்த்திருக்கிறேன். ஆனால் பிரெட் ஆற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொண்டுவந்ததைச் சாப்பிட அந்த ஊர் அருமை. அடுத்து பில்டெஸ்டன். அங்கிருந்து மேற்கே கெட்டில்பாஸ்டன், பிரெஸ்டன் செயின்ட் மேரி என்று திரும்பினால் வந்த களைப்பு தெரியாது. காற்று எதிரே வரும், உயிர்வேலி ஓரளவு தடுக்கும்.

ரயிலில் வருபவர்கள் மார்க்ஸ் டேயில் மாறி சட்பரியில் இறங்க வேண்டும். போகவர 20 கி.மீ.க்கு மேல் கூடும். நெரிசல் நேரத்தில் லண்டன் ரயில்களில் சைக்கிளுக்குக் கட்டுப்பாடு உண்டு, ஞாயிறு காலை வசதி.

லேனில் ஓட்டும்போது

ஓரத்தை ஒட்டி ஓட்டாதீர்கள். குருட்டு வளைவுகளில் சாலை நடுவுக்கு வாருங்கள், எதிரே வருபவர் உங்களைச் சீக்கிரம் பார்ப்பார். பின்னால் கார் வந்தால் அகலமான இடம் வரும்வரை நிதானமாகப் போய், ஒதுங்கி வழிவிட்டு ஒரு கை தூக்குங்கள். 2022இல் திருத்தப்பட்ட சாலை விதிக்கையேட்டின்படி, 30 மைல் வேகம் வரை உங்களைக் கடக்கும் கார் குறைந்தது ஒன்றரை மீட்டர் விட வேண்டும். பல லேன்களில் அவ்வளவு அகலமே கிடையாது, ஆகவே அவர்கள் பின்னால் காத்திருப்பதுதான் முறை. உங்களைத் திட்டவில்லை, பதறாதீர்கள்.

குதிரை வந்தால் வேகம் குறைத்து, தூரத்திலிருந்தே குரல் கொடுங்கள். மணி அடித்தால் சில குதிரைகள் மிரளும். “ஹலோ” போதும். இடப்பக்கமாகக் கடக்கக் கூடாது.

பஞ்சர் பற்றி ஒரு வார்த்தை. பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை விவசாயிகள் உயிர்வேலியை வெட்டத் தடை. செப்டம்பர் பிறந்ததும் டிராக்டரில் இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு வெட்டத் தொடங்குவார்கள். வெட்டி விழும் ஹாதார்ன் செடியின் முள் நம் ஊர்க் கருவேல முள்ளுக்குச் சளைத்ததல்ல. இலையுதிர் காலத்தில் இரண்டு டியூப் எடுத்துப் போங்கள், டயர் 28 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் எத்தனை வண்டி வந்தது என்று வரைபடத்திலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள். என் 155ஆம் எண் தாளில் மில்டனுக்கும் லாவன்ஹாமுக்கும் நடுவே இப்படி இருக்கிறது: “ஞாயிறு, காலை 9 மணி. கார் 4, டிராக்டர் 1, குதிரை 2.”